பொபினுக்குத் தைத்த காக்கிச் சட்டை

நாயின் தோலில் ஒரு கட்டியைக் கண்டால் எப்போது மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும் என்று இப்போதும் என்னிடம் வந்து கேட்கிறார்கள். நான் சொல்லும் பதில் ஒன்றுதான். நாகமணி என்பவன் அதைப் பார்த்துவிட்டு, பயப்பட வேண்டாம் என்று எந்த நாள் சொல்கிறானோ அந்த நாளே கொண்டுபோங்கள். என்னைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள், தெரியாதவர்கள் விழிப்பார்கள். நாகமணி நான்தான். மிருக வைத்தியர்களுக்குப் பின்னால் முப்பத்துநான்கு வருடம் மருந்துப்பெட்டி சுமந்துவிட்டு ஓய்வு பெற்றவன்.

போன மாதம் ஒரு பிரியாவிடைத் தேநீர் விருந்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அங்கே இரண்டு இளம் வைத்தியர்கள் புதுமுறை ஒன்றைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். கட்டிக்குள் மெல்லிய ஊசியை விட்டு ஒரு துளி எடுத்து, கண்ணாடித் துண்டில் பூசி, பெருக்கிக் காட்டும் கருவியில் பார்த்தால் இன்ன கட்டி என்று சொல்லிவிடலாமாம். நல்ல காரியம், எனக்கு அதில் வயிற்றெரிச்சல் ஒன்றுமில்லை. ஆனால் ஒருவர் என் பக்கம் திரும்பி, "ஐயா, யுத்த காலத்திலை இதுகள் ஒண்டும் இல்லாமல் என்னெண்டு பாத்தனீங்கள்?" என்று கேட்டார். விரலால் பார்த்தோம் என்றேன். மரியாதைக்காகத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் எனக்குப் பிடிக்கவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் தம்பலகாமத்தில் மாடுகளோடு வளர்ந்தவன். மாட்டைப் பிடிக்கவும் கட்டவும் விழுத்தவும் தெரியும் என்பதற்காகத்தான் என்னை வேலைக்கு எடுத்தார்கள். முதல் மூன்று வருடமும் பட்டிபட்டியாகப் போய் ஊசி போடுவதும், உதை வாங்குவதும், வாங்கிய உதைக்கு எண்ணெய் பூசுவதுமாகப் போயின. நாய் எங்கள் வேலையில் ஒரு பொருட்டே இல்லை. நாய்க்கு வருத்தம் வந்தால் அது வேலியோரம் போய்ப் படுக்கும், ஒன்றில் எழும்பும், இல்லாவிட்டால் எழும்பாது. அதற்கு வைத்தியரைக் கூப்பிட்டால் ஊர் சிரிக்கும்.

யுத்தம் அதை மாற்றியது. திருகோணமலைத் துறைமுகம் கப்பலால் நிறைந்தது. கப்பலோடு வெள்ளைக்கார அதிகாரிகள் வந்தார்கள், அவர்களோடு நாய்களும் வந்தன. அதே சமயம் எங்களுக்குப் புதிய வைத்தியர் ஒருவரும் வந்தார். டொக்டர் ஞானமுத்து என்று பெயர். என்னைவிட இரண்டு வயது இளையவர். ஒல்லியான ஆள், தடித்த கண்ணாடி, எந்த வெயிலிலும் கசங்காத வெள்ளைச் சட்டை. ஒருநாளும் சத்தம் போட்டு ஏசமாட்டார். அவருக்குக் கோபம் வந்தால் குரல் தாழ்ந்துகொண்டே போகும். கடைசியில் என்ன சொல்கிறார் என்று கேட்பதற்காக நாங்களே கிட்டப் போய் நின்று ஏச்சு வாங்க வேண்டியிருக்கும்.

அவர் நாய் பார்க்கும் விதம் எனக்கு முதலில் கோயில் பூசை போலத் தெரிந்தது. மேசையில் நாயை நிறுத்தியதும் புறங்கையை நீட்டி மணக்கக் கொடுப்பார். நாய் முகர்ந்து முடிக்கும்வரை அசையமாட்டார். பிறகு பக்கவாட்டில் நின்று கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் தாடையிலிருந்து புறப்படும். கழுத்து, தோள், கக்கம், விலா, வயிறு, தொடையிடுக்கு என்று இரண்டு பக்கமும் ஒன்றாகவே இறங்கி வரும். கட்டி ஒன்று விரலில் பட்டால் அங்கே கை நிற்கும். தோலை மட்டும் தூக்கிப் பார்ப்பார். கட்டி தோலோடு சேர்ந்து வருகிறதா, தோலுக்கு அடியில் வழுக்கிக்கொண்டு ஓடுகிறதா, அல்லது அடித்தசையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக. ஓடுகிற கட்டி பெரும்பாலும் நல்ல பிள்ளை, அசையாதது சண்டியன் என்பார். அதன் பிறகு ஒரு நூலைக் கட்டியைச் சுற்றி வைத்து, முனைகள் சந்திக்கும் இடத்தில் முடிச்சுப் போடச் சொல்வார். பழைய படிவத்தின் பின்பக்கத்தில் நாயின் உருவத்தை நான் கீறி, கட்டி இருக்கும் இடத்தில் புள்ளி வைத்து, அந்த நூலை அதிலேயே குத்தி வைக்க வேண்டும். பதினைந்து நாளில் நாய் திரும்ப வரவேண்டும். அதே நூல் கட்டியைச் சுற்றி எட்டினால் இன்னும் பதினைந்து நாள். எட்டாவிட்டால் கத்தி.

அந்த நாட்களில் ஒரு கடற்படை அதிகாரி தன் நாயைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். வயிற்றில் இரண்டு பக்கமும் சின்னச் சின்னக் கட்டிகளாம், ஒரு கிழமையாக ஐயடின் பூசியும் கரையவில்லையாம். டொக்டர் வழமைபோலக் கண்ணை மூடித் தடவினார். இடப்பக்கம் ஐந்து, வலப்பக்கம் ஐந்து என்று எண்ணினார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல், இவை முலைக்காம்புகள், கடுவன் நாய்க்கும் இருக்கும், உங்களுக்கும் இரண்டு இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னார். அதிகாரியின் முகம் செம்பரத்தம்பூவாகியது. அடுத்த நாள் ஒரு பெரிய பிஸ்கட் தகரம் வந்து சேர்ந்தது. நான் அதைச் சாப்பிட்டபடி ஒரு மாதம் அந்த மனுசனைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். வெள்ளைக்காரனுக்குத் தெரியாதது எனக்குத் தெரிகிறது என்ற திமிர் தலைக்கேறிவிட்டது.

அந்தத் திமிரோடுதான் ஒருநாள் சைக்கிளில் கடைத்தெருவால் போனேன். அங்கே வல்லிபுரம் அண்ணையின் தையல்கடை இருந்தது. அவருக்குக் காது கேளாது. முப்பது வயதில் வந்த நெருப்புக் காய்ச்சல் இரண்டு காதையும் கொண்டுபோய்விட்டது. உதட்டசைவைப் பார்த்து எல்லாம் விளங்கிக்கொள்வார். பேச்சு மட்டும் கொஞ்சம் உரத்து வரும். துறைமுகத்தில் வேலை செய்கிறவர்களின் சட்டைகள் எல்லாம் அவர் மெசினில்தான் தைபடும். அவரிடம் ஒரு மண்ணிறப் பெட்டை நாய் இருந்தது. மெசினில் நூல் சுற்றுகிற சின்ன உருளைக்கு என்ன பெயரோ அதையே அதற்கும் வைத்திருந்தார். பொபின்.

பொபினைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக ஏலாது. சப்பான்காரன் துறைமுகத்தில் குண்டு போட்ட காலையில் அபாயச் சங்கு ஊதியபோது அக்கம்பக்கத்துச் சனம் எல்லாம் பதுங்கு குழிக்குள் ஓடிவிட்டது. அண்ணை குனிந்தபடி மெசின் மிதித்துக்கொண்டிருந்தார். அந்த அவசரத்தில் அவரை ஒருவரும் நினைக்கவில்லை. பொபின்தான் அவர் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தைக் கவ்வி இழுத்து, அவர் உதறஉதற விடாமல், வாசலுக்குக் கொண்டுவந்தது. அவர் வெளியே வந்து, வானத்தைப் பார்த்து, பள்ளத்துக்குள் விழுந்த பிறகு கடையின் பின்சுவர் இடிந்து அவர் இருந்த கதிரையின் மேல் விழுந்தது. ஊரில் பாதிச் சனம் அதன்பின் தம்பலகாமம் பக்கம் ஓடிவிட்டது. அண்ணை சுவரைக் கட்டிக்கொண்டு அங்கேயே இருந்தார். பிழைப்பு அங்கே, அவர் எங்கே போவார்? சங்கு ஊதும் ஒவ்வொரு தரமும் பொபின் இழுக்கும், அவர் எழும்பிப் போவார். அந்த நாய் இல்லாவிட்டால் அடுத்த குண்டுக்கு அந்த மனுசன் மெசினிலேயே இருந்திருப்பார்.

நான் சைக்கிளில் போன அன்று அண்ணை கையைத் தட்டி என்னை மறித்தார். பொபினைக் காட்டி, முன்னங்காலுக்குப் பின்னால் விலாவில் ஏதோ முளைத்திருக்கிறது, என்னவென்று பார்க்கச் சொன்னார். கடலைப் பருமனில் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் பசுவின் மடியில் இப்படிப் பாலுண்ணி வரும். நூலால் கட்டி நாளுக்கு நாள் இறுக்கினால் ஒரு கிழமையில் காய்ந்து விழுந்துவிடும். நானே எத்தனையோ கட்டியிருக்கிறேன். ஒரு காலை நிலத்தில் ஊன்றியபடியே, "பாலுண்ணி அண்ணை, பயப்பிடாதேங்கோ, நூலாலை கட்டி விடுங்கோ" என்று சொல்லிவிட்டு மிதித்துக்கொண்டு போய்விட்டேன்.

நூலால் கட்டச் சொல்லி ஒரு தையல்காரரிடம் சொன்னால் எப்படி இருக்கும்? கோட்டுப் பொத்தான் தைக்கிற மெழுகு நூலை எடுத்து, மூன்று சுற்றுச் சுற்றி, அவிழவே அவிழாத முடிச்சுப் போட்டுவிட்டார். தினமும் காலையில் ஒரு சுற்று இறுக்கினார். அவ்வளவு ஒழுங்கான மனுசன்.

சில நாள் கழித்துப் பொபின் ஒரு காக்கிச் சட்டையோடு தெருவில் திரிந்தது. நான்கு காலுக்கும் துவாரம், முதுகில் பொத்தான் வரிசை, கழுத்தில் கொலர்கூட இருந்தது. அந்த வெக்கையில் நாய்க்குச் சட்டை! கடைத்தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். அண்ணைக்கு யுத்தப் பைத்தியம் பிடித்துவிட்டது, நாயையும் படையில் சேர்க்கப் போகிறார் என்று பகிடி விட்டேன். அவர் என் உதட்டைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். அந்தக் குனிவைப் பார்த்தாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

மூன்றாம் கிழமை என் சட்டைக்குப் பொத்தான் தைக்கக் கொடுக்கப் போனேன். பொபின் மெசினுக்கு அடியில் படுத்திருந்தது. வாலை ஆட்டியது, எழும்பவில்லை. குனிந்து தடவப் போனபோது மூக்கில் அடித்தது அந்த மணம். மாட்டுப் புண்ணோடு வாழ்ந்த எனக்கு அதைத் தெரியாமல் போகுமா? பொத்தான்களைக் கழற்றினேன். கடலை இருந்த இடத்தில் தேசிக்காய் அளவில் ஒன்று. மேற்பாதி கறுத்து அழுகி, அடியில் நூல் தசைக்குள் புதைந்து, சுற்றிவரச் சிவந்து வீங்கியிருந்தது.

ஏன் கொண்டுவரவில்லை என்று கேட்டேன். தெருநாய்களைச் சுட ஆட்கள் வருகிறார்கள், புண்ணும் கட்டியும் உள்ள நாய் என்றால் வீட்டு நாயையும் விடமாட்டார்கள் என்று கடைத்தெருவில் ஒரு கதை அடிபட்டது. அதை நம்பித்தான் அவர் சட்டை தைத்திருக்கிறார். அந்தக் கதையில் எவ்வளவு உண்மை என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் அவர் பயந்த பயம் உண்மை. "இவளை எடுத்தாங்கள் எண்டால் என்னையும் சேத்துச் சுடட்டும்" என்றார். உரத்துத்தான் சொன்னார், அவருக்கு வேறு விதமாகச் சொல்லத் தெரியாது.

நாயைத் தூக்கிக்கொண்டு டொக்டரிடம் ஓடினோம். அவர் கண்ணை மூடித் தடவினார். கட்டியில் கை வைத்து அசைத்தார், கக்கத்துக்குள் விரலை விட்டு நெடுநேரம் நின்றார். பிறகு நூல் கட்டச் சொன்னது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன்.

"கண்ணாலை பாத்தீரோ, கையாலை பாத்தீரோ?"

"கண்ணாலை, சேர்."

"எங்கை நிண்டு?"

"சைக்கிளிலை நிண்டு."

அவருடைய குரல் நான் எதிர்பார்த்ததைவிடத் தாழ்ந்து போனது. மாட்டுப் பாலுண்ணிக்குக் காம்பு மட்டும்தான், இதற்கு மேலே காம்பு, அடியில் வேர் என்றார். தொட்டுப் பார்த்திருந்தால் அந்த வேர் விரலுக்குத் தட்டுப்பட்டிருக்கும், கடலையாக இருந்தபோதே பத்து நிமிட வேலையாக முடிந்திருக்கும். இப்போது பெரிதாக வெட்ட வேண்டும், வெட்டினாலும் வேர் எதுவரை போயிருக்கிறது என்று சொல்ல ஏலாது என்றார். கக்கத்தில் இன்னும் நெறி கட்டவில்லை, வேர் அங்கே போகவில்லை போலிருக்கிறது, அது ஒன்றுதான் நம்பிக்கை. நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெட்கம் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அடுத்த நாள் காலை வெறும் வயிற்றோடு பொபினை மேசையில் கிடத்தினோம். துவாயைக் கூம்பாகச் சுருட்டி, உள்ளே பஞ்சு வைத்து, அதில் குளோரபோமைத் துளித்துளியாக விட வேண்டும். அது டொக்டரின் வேலை. என் இடது கை நெஞ்சில், வலது கை விரல் தொடையின் உட்பக்கம் நாடியில். இடைக்கிடை கண்ணின் ஓரத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும், இமைத்தால் இன்னும் மயக்கம் போதாது. அண்ணை தலைமாட்டில் நின்று நாயின் காதுகளைப் பிடித்துக்கொண்டிருந்தார். வெளியே நிற்கச் சொன்னால் கேட்க மாட்டேன் என்று முன்பே சொல்லிவிட்டார்.

டொக்டர் கட்டியின் ஓரத்தில் வெட்டவில்லை. ஒரு விரல் அகலம் தள்ளி, நல்ல தோலில் கத்தியை வைத்துச் சுற்றி வந்தார். அடியில் ஒரு படலத்தையும் சேர்த்துக் கிளப்பினார். கட்டி முழுசாக எனாமல் தட்டில் விழுந்தபோது விலாவில் என் உள்ளங்கை அளவு இடம் திறந்து கிடந்தது. அப்போதுதான் தெரிந்தது, தையலுக்கு இருந்த பட்டுநூல் பாதி தூரத்துக்குக்கூடக் காணாது. யுத்தத்தில் எதுதான் கப்பலில் ஒழுங்காக வந்தது? டொக்டர் என்னைப் பார்த்தார், நான் வெறும் பெட்டியைப் பார்த்தேன். அண்ணை எங்கள் இருவரின் முகத்தையும் பார்த்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு கறுத்தப் பட்டுநூல் கட்டையை எடுத்து நீட்டினார். அதிகாரிகளின் தோள்பட்டைக்குத் தைக்கிற நூல். கத்திகளை அவித்த பானை அடுப்பில் கொதித்தபடியே இருந்தது. நூலை அதற்குள் போட்டோம். அது அவிந்து வரும்வரை காயத்தைத் துணியால் பொத்திப் பிடித்துக்கொண்டு, மயக்கம் தெளியாமல் இருக்க இன்னும் சில துளி விட வேண்டியிருந்தது.

அந்தச் சில துளிதான் வினையாகியது. இன்னும் இரண்டு தையல் இருக்கும்போது என் இடது கையின் கீழ் நெஞ்சு எழும்பவில்லை. எண்ணினேன். ஐந்து, ஆறு, ஏழு. சொல்வதற்குள் டொக்டர் துவாயைத் தட்டி எறிந்துவிட்டார். நான் நாக்கை வெளியே இழுத்துப் பிடித்தேன், அவர் விலாவை அழுத்தினார், விட்டார், அழுத்தினார், விட்டார். அண்ணைக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், என் முகத்தில் எல்லாம் எழுதியிருந்தது. அம்மாளாச்சி, இந்த ஒருமுறை என்று மனதுக்குள் கும்பிட்டேன். பொபின் ஒரு பெருமூச்சு விட்டது. பிறகு ஒன்று. பிறகு சாதாரண நாயைப் போல மூச்சு விடத் தொடங்கியது. டொக்டரின் கசங்காத சட்டை முதுகோடு ஒட்டிப் போயிருந்தது.

அவர் மீதி இரண்டு தையலையும் போட்டு முடித்ததும் அண்ணை குனிந்து பார்த்துவிட்டு, இடைவெளி ஒரு சீராக இல்லை, ஆனால் நூல் நல்லது என்றார். டொக்டர் சிரித்ததை நான் பார்த்தது அன்றுதான் முதல் தரம்.

தட்டில் கிடந்த கட்டியை டொக்டர் இரண்டாகப் பிளந்து வெளிச்சத்தில் பார்த்தார். ஓரம் சுற்றிவரச் சுத்தமாகத்தான் தெரிகிறது, ஆனால் கண்ணால் பார்த்துச் சத்தியம் பண்ண ஏலாது என்றார். வேர் மிச்சம் இருந்தால் மூன்று மாதத்துக்குள் தழும்பிலோ கக்கத்திலோ தலைகாட்டும். அதுவரை காத்திருக்க வேண்டும். அண்ணை அதை அவர் உதட்டில் படித்தார்.

பிறகு டொக்டர் என் பக்கம் திரும்பினார். "ஐசே, நாய் பத்து நாளைக்கு இஞ்சை நிக்கோணும். அதுவரைக்கும் இவருக்கு நீர்தான் காது."

தண்டனையா, பரிகாரமா என்று நான் கேட்கவில்லை. பாயைச் சுருட்டிக்கொண்டு தையல்கடைக்குப் போய்விட்டேன். பகலெல்லாம் ஒரு முக்காலியில் இருந்து அவர் தைப்பதைப் பார்ப்பது என் வேலை. இரவில் என் பெருவிரலையும் அவர் பெருவிரலையும் நூலால் கட்டிக்கொண்டு படுத்தோம். மூன்றாம் நாள் மத்தியானம் சங்கு ஊதியது. நான் "சங்கு, சங்கு" என்று கத்திக்கொண்டு குழிக்குள் பாய்ந்துவிட்டேன். பாய்ந்த பிறகு திரும்பிப் பார்க்கிறேன், மனுசன் இல்லை. காது கேளாதவருக்குக் கத்திச் சொல்லிவிட்டு ஓடிவந்த மடையன் நான்! திரும்பி ஓடிச் சாரத்தைப் பிடித்து இழுத்தேன். அவர் ஒரு கொலரைத் தைத்து முடிக்கிற கட்டத்தில் இருந்தார். நல்ல காலம், அன்று விமானம் ஒன்றும் வரவில்லை. பொபினுக்கு இருந்த நிதானம் எனக்கு இருக்கவில்லை என்பதை அன்று ஒப்புக்கொண்டேன்.

நூல் கட்டச் சொன்ன என் பிழைக்காக அவரிடம் மன்னிப்புக் கேட்க நான்கு நாள் எடுத்தது. வேறு யாரிடமும் என்றால் எங்கோ பார்த்துக்கொண்டு முணுமுணுத்துவிடலாம். உதட்டைப் பார்த்துக் கேட்கிற மனுசனிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு மன்னிப்புக் கேட்க ஏலாது. நேரே பார்த்து, வாயைத் திறந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொல்ல வேண்டும். சொன்னேன். அவர் ஊசியில் நூல் கோத்தபடியே, "நீர் சொல்லிக் கட்டினது ஒரு நாள் பிழை. மற்ற இருவது நாளும் நான் பயத்திலை ஒளிச்சது" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அதைப் பார்க்காதவர் போல மெசினை மிதித்தார்.

பத்தாம் நாள் தையல் பிரித்து, பொபின் வீட்டுக்கு வந்தது. நானும் என் வேலைக்குத் திரும்பினேன். அந்த மூன்று மாதமும் நாயோடு எங்களிடம் வந்தவர்களுக்கெல்லாம் நான் சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. புதிதாகக் கட்டி ஒன்றைக் கண்டால் கையால் தொட்டுப் பாருங்கள், நூல் வைத்து அளந்து வையுங்கள், ஒரு மாதத்தில் போகாவிட்டால் கொண்டுவாருங்கள். வளர்ந்தாலும், நிறம் மாறினாலும், இரத்தம் கசிந்தாலும், நாய் அதையே நக்கிக்கொண்டு இருந்தாலும் ஒரு நாளும் பொறுக்க வேண்டாம். வயது போன பெட்டையின் முலையில் கட்டி என்றால் அன்றைக்கே வாருங்கள். சுண்ணாம்பும் சவர்க்காரமும் குழைத்துப் பூசாதீர்கள், தாய் தகப்பன் சொன்னாலும் நூல் கட்டாதீர்கள். ஒரு வண்டிக்காரர், உனக்கு இதில் என்ன இவ்வளவு கோபம் என்று கேட்டார்.

மாதம் ஒருமுறை அண்ணை பொபினோடு வருவார், டொக்டர் கண்ணை மூடித் தடவுவார். முதல் மாதம் ஒன்றும் தட்டுப்படவில்லை. இரண்டாம் மாதமும் இல்லை. மூன்றாம் மாதம் அண்ணை புதுச் சாரம் கட்டிக்கொண்டு வந்தார். முகம் சவரம் பண்ணியிருந்தார். நேர்த்தி வைத்தவர் கோயிலுக்கு வந்தது போலிருந்தது. எனக்கு முதல்நாள் இரவே நித்திரை இல்லை.

டொக்டர் கண்ணாடியைக் கழற்றினார். கைகள் தாடையில் தொடங்கி இறங்கின. தழும்பில் நின்றன. பெருவிரலால் தழும்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அழுத்திக்கொண்டு போனார். பிறகு விரல்கள் கக்கத்துக்குள் போயின. சரியாக அப்போது அபாயச் சங்கு ஊதியது.

பொபின் மேசையிலிருந்து ஒரே பாய்ச்சல். டொக்டரின் கண்ணாடி ஒரு பக்கம் பறந்தது, கிண்ணம் ஒரு பக்கம் உருண்டது. அது அண்ணையின் புதுச் சாரத்தைக் கவ்வி வாசல் பக்கம் இழுத்தது. அவர் இழுபட்டுப் போனார், டொக்டர் பின்னால் போனார், நான் அவர் பின்னால் போனேன். முற்றத்துக் குழிக்குள் ஆட்டோடு வந்த ஒரு பெண்ணும் இரண்டு வண்டிக்காரர்களும் ஏற்கெனவே இறங்கியிருந்தார்கள். எல்லோரும் நெருங்கிக் குந்தினோம். துறைமுகப் பக்கம் ஒரு விமானத்தின் உறுமல் கேட்டது.

டொக்டர் அந்த மண்ணில் முழங்காலில் நின்று, நாயைத் தன் பக்கம் இழுத்து, திரும்பவும் கண்ணை மூடிக்கொண்டார். கக்கத்தில் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். ஆட்டுக்காரப் பெண் என்ன நடக்கிறது என்று என்னிடம் கேட்டாள், காதோடு சொன்னேன். அவள் வண்டிக்காரர்களுக்குச் சொன்னாள். அதற்குப் பிறகு அந்தக் குழிக்குள் யாரும் வானத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் டொக்டரின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வலது கக்கம். இடது கக்கம். இரண்டையும் ஒன்றாகப் பிடித்து ஒப்பிட்டுப் பார்த்தார். தொடையிடுக்கு. திரும்பவும் தழும்பு. அண்ணை டொக்டரைப் பார்க்கவில்லை. என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டொக்டர் கண்ணைத் திறந்தார். ஒரு கட்டியும் இல்லை, வேர் மிஞ்சவில்லை என்று என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். கோபத்தில் தாழ்ந்த குரல் அல்ல அது. அவருக்குச் சொல்லும் என்றார்.

நான் அண்ணையின் முன்னால் முழங்காலில் போய் நின்றேன். "சுகம்" என்றேன். "பொபினுக்குச் சுகம்."

அவர் அசையவில்லை. "என்ன?" என்றார்.

வாயை நன்றாகத் திறந்து இன்னொரு தரம் சொன்னேன்.

"திரும்பச் சொல்லும்."

மூன்றாம் தரம் சொன்னேன். நான் பதற்றத்தில் உதட்டைச் சரியாக அசைக்கவில்லையாக்கும் என்று நினைத்து நான்காம் தரமும் சொன்னேன். ஆட்டுக்காரப் பெண்ணும் வண்டிக்காரர்களும்கூட வாயைத் திறந்து எனக்கு உதவிக்குச் சொன்னார்கள். ஆபத்து நீங்கிய சங்கு ஊதிக்கொண்டிருந்தது, ஒருவரும் எழும்பவில்லை.

அண்ணை நாயின் தலையை மடியில் அணைத்துக்கொண்டார். கண்ணால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"முதல் தரமே விளங்கினது, தம்பி," என்றார். "திரும்பத் திரும்பப் பாக்கோணும் போலை கிடந்தது."